பெரிய ஷெட் வேண்டாம்டி

எப்படிடி இருக்க, உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பதில் எழுத உட்கார்ந்தா ஏதாவது ஒரு குட்டி கத்த ஆரம்பிச்சிடுது. இப்பவும் மடியில ஒரு பூனைக்குட்டி தூங்குது, கண்ணு திறந்து மூணு நாள்தான் ஆச்சு. நாலா வந்துச்சுங்க, இது ஒண்ணுதான் மிச்சம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பால், ஆனா அதுக்கு முன்னாடி உடம்பு சூடா இருக்கான்னு தொட்டுப் பார்க்கணும், சில்லுனு இருக்கிற குட்டிக்கு பால் கொடுத்தா செரிக்காது, உயிருக்கே ஆபத்து. மல்லாக்க போட்டு ஊட்டவும் கூடாது, நுரையீரலுக்குள்ள போயிடும். குடிச்சு முடிச்சதும் ஈரப் பஞ்சால அடியில தடவி விட்டாதான் மூத்திரமே போகும், தாய் நக்கி விடற வேலை அது.

நம்ம நாய், பூனை காப்பகத்துக்கு இன்னும் பெருசா ஒரு ஷெட் போடலாமே, பணம் சேர்த்து அனுப்பறேன்னு எழுதியிருந்த. வேண்டாம்டி. நாம ஆரம்பிச்சப்ப நானும் அப்படித்தான் நினைச்சேன், இடம் இருந்தா இன்னும் நாலு உயிரை காப்பாத்தலாம்னு. இப்ப கணக்கே வேற மாதிரி தெரியுது, ஒரு நாளைக்கு ரெண்டு வருது, ஒவ்வொண்ணும் 30 நாள் தங்குதுன்னா உள்ள எப்பவும் 60 இருக்கும், அதையே 15 நாள்ல வீடு பார்த்து அனுப்பிட்டா 30 தான் இருக்கும். வர்றது அதே எண்ணிக்கை, காப்பாத்துறதும் அதேதான், ஆனா கூட்டம் குறைஞ்சா நோயும் குறையும்.

நோய்னு சொன்னதும் போன வருஷம்தான் ஞாபகம் வருது. ராத்திரி ஒரு நாய்க்குட்டி வந்துச்சு, தனியா வைக்க இடமில்லாம மத்த குட்டிங்களோட விட்டுட்டேன், நான்தான் விட்டேன். அஞ்சாவது நாள் வாந்தி, ரத்தமா பேதி. பார்வோ. 1978ல உலகம் பூரா திடீர்னு பரவின வைரஸ் அது, மண்ணுல மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், கைக்கு போடற சானிட்டைசர் அதை ஒண்ணுமே செய்யாது, முதல்ல அழுக்கை சுத்தமா கழுவிட்டு அப்புறம் ப்ளீச் ஊத்தி பத்து நிமிஷம் ஊற விடணும். ஆறு குட்டி போச்சு. இப்ப எது வந்தாலும் வந்த உடனே தடுப்பூசி, ரெண்டு வாரம் தனி அறை, இதுல யாருக்கும் விட்டுக்கொடுக்கறதில்ல.

அந்த சமயத்துல பழைய கதையெல்லாம் தேடிப் படிச்சேன். 1860ல லண்டன்ல மேரி டீல்பினு ஒரு அம்மா தெருநாய்ங்களுக்கு ஒரு வீடு ஆரம்பிச்சாங்க, மனுஷனுக்கே வழியில்லாதப்ப நாய்க்கு என்னன்னு பேப்பர்காரங்க கேலி பண்ணாங்க. அஞ்சே வருஷத்துல அவங்க போயிட்டாங்க, ஆனா அந்த வீடு லண்டன்லயே பேட்டர்சிங்கற பகுதிக்கு மாறி இன்னைக்கும் நடக்குது. அந்தக் காலத்துல பல ஊர்ல தெருநாயைப் பிடிச்சு அடைக்கிற பட்டிங்கதான் இருந்துச்சு, தேடி யாரும் வரலைன்னா சில நாள்ல கொன்னுடுவாங்க. தெருவுல இருந்து அகற்றறதுதான் அங்க வேலை, வீடு தேடறது இல்ல.

நம்ம கடைசி கூண்டு கிழட்டு நாய் ஞாபகம் இருக்கா, ஒரு காது மடங்கினவன்? எட்டு மாசமா சுவத்தைப் பார்த்துதான் படுப்பான், யாராவது பார்க்க வந்தா திரும்பக்கூட மாட்டான், எல்லாரும் முன்னாடி ஓடி வர்ற குட்டியைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. போன மாசம் ரிட்டயர் ஆன ஒரு டீச்சர் ஃபாஸ்டரா, அதாவது தற்காலிகமா வீட்டுல வச்சுக்கறேன்னு கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியில இருந்தானாம், மூணாம் நாள் அவங்க செருப்பு மேல தலையை வச்சு தூங்கற ஃபோட்டோ வந்துச்சு. நான் அழுதுட்டேன்டி. அவன் குணமே அப்படின்னு இத்தனை நாள் நினைச்சுட்டேன், அந்தக் கூண்டுதான் அவனை அப்படி ஆக்கிருக்கு.

அதனால நீ சேர்க்கிற பணத்தை கருத்தடைக்கு அனுப்பு. ஒரு பூனை சினையாகி ரெண்டு மாசத்துல குட்டி போட்டுடும், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும், அதை அங்கேயே நிறுத்தினாதான் இந்த மாதிரி மடியில எதுவும் வராது.

அப்புறம் பழைய போர்வை இருந்தா அனுப்பு. டவல் வேண்டாம், குட்டிங்க நகம் அந்த நூல்ல மாட்டிக்குது. இது முழிச்சிடுச்சு, பால் கலக்கப் போறேன்.