கேன்டர்பரி பேராலயப் பயணம்: பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அடுத்த மாத முதல் சனிக்கிழமை மேற்பிரிவுப் பிள்ளைகளைக் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரிலுள்ள பழைய கிறித்தவப் பேராலயத்துக்குக் கூட்டிச் செல்கிறோம். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

பேராலயத்தின் நிலவறையில் ஒரு சிறிய வழிபாட்டறை இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில், மதத்தின் பெயரால் துரத்தப்பட்டுக் கடல் கடந்து வந்த பிரெஞ்சு மொழி பேசும் புராட்டஸ்டன்ட் மக்களுக்கு அந்த நிலவறையில் வழிபட இடம் கொடுத்தார்கள். அவர்களில் நெசவாளர்கள் நிறையப் பேர். நானூறு ஆண்டுகள் தாண்டியும் அங்கே பிரெஞ்சில் வழிபாடு நடக்கிறது. நம் வீடுகள் பலவற்றின் கதையும் இதுதானே! சனிக்கிழமை காலையில் தூக்கக் கலக்கத்தோடு தமிழ் படிக்க வரும் நம் பிள்ளைகள் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

நிலவறையிலிருந்து மேலே வந்தால் வேறொரு கதை. 1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட்டை அரசர் இரண்டாம் ஹென்றியின் வீரர்கள் நால்வர் ஆலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். மூன்றே ஆண்டுகளில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அப்புறம் பல நூற்றாண்டுகள் யாத்திரிகர் கூட்டம்தான். அவர்கள் ஏறிய கற்படிகள் நடுவில் குழிந்து தேய்ந்திருக்கின்றன. பிள்ளைகள் கட்டாயம் குனிந்து பார்க்கட்டும். பின்னாளில் அரசர் எட்டாம் ஹென்றி 1538இல் பெக்கெட்டின் சமாதியை இடித்துவிட்டார். அது இருந்த வெறும் தரையில் இன்று ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. அதைச் சுற்றியுள்ள வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் பெரும்பாலும் மன்னர்கள் இல்லை, பெக்கெட்டை வேண்டி நோய் தீர்ந்ததாக நம்பப்பட்ட சாதாரண மக்கள்தான். ஆளுக்கொரு சன்னலைப் பார்த்து அதன் கதையைத் தமிழில் எழுதுவதுதான் அன்றைய பாடம்.

வழிபாட்டில் யாரும் கலந்துகொள்ள வேண்டியதில்லை. நம் கோயிலில் காட்டும் அமைதியும் மரியாதையும் அங்கேயும் இருந்தால் போதும். உள்ளே தொப்பி வேண்டாம்.

காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பஸ் புறப்படும். மாலை ஆறு மணிக்குள் திரும்பிவிடுவோம். மதியச் சாப்பாடு, தண்ணீர்ப் போத்தல், குறிப்புப் புத்தகம், பென்சில் கொடுத்து அனுப்புங்கள். கல் கட்டடம் என்பதால் உள்ளே குளிரும், தடித்த மேலாடை அவசியம். ஒவ்வாமையோ மருந்தோ இருந்தால் படிவத்தில் எழுதுங்கள். நிறையப் படி ஏற வேண்டும். நடக்கச் சிரமப்படும் பிள்ளை என்றால் முன்கூட்டியே என்னிடம் சொல்லுங்கள், வேறு வழி ஏற்பாடு செய்கிறோம்.

கூட வர நாலைந்து பெற்றோர் தேவை. விருப்பமுள்ளவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். ஒப்பமிட்ட அனுமதிப் படிவம் வரும் சனிக்கிழமைக்குள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்