குறைந்தது விலையல்ல, வேகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில் ‘விலைவாசி குறைந்தது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். எங்கள் எதிர்வீட்டு அக்கா அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டுபோய் மளிகைக் கடையில் நியாயம் கேட்டிருக்கிறார். “அப்படின்னா பேப்பர்காரங்ககிட்டயே வாங்கிக்கங்கம்மா” என்றாராம் கடைக்காரர். பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

தலைப்பைத் தாண்டிப் படித்தால் விஷயம் வேறு. நாட்டின் சராசரி சில்லறைப் பணவீக்கம், அதாவது கடை விலைகள் ஓர் ஆண்டில் ஏறும் வேகம், 2023-24இல் 5.4 சதவீதம், 2024-25இல் 4.6 சதவீதம். நூலகத்தில் ஓர் ஆங்கில நாளிதழைப் புரட்டினேன். இதே செய்திக்கு ‘டிசெலரேட்’ என்ற வினையைப் போட்டிருந்தார்கள். அதைத்தான் நீங்கள் ‘குறைந்தது’ ஆக்கிவிட்டீர்கள்.

31 வருடம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டியவள் நான். லத்தீனில் ‘செலெர்’ என்றால் விரைவு. ‘ஆக்செலரேட்’ பழைய சொல்; அதன் முன்னொட்டை மாற்றி ‘டிசெலரேட்’ என்று ஆக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். வேகம் தணிகிறது என்பது மட்டுமே அதன் பொருள். நின்றுவிட்டது என்றோ திரும்பி வருகிறது என்றோ அதற்குப் பொருளே கிடையாது.

வகுப்பில் பேருந்தைத்தான் சொல்வேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டியில் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு 5 மீட்டர் குறைகிறது என்று வையுங்கள். அப்போதும் வண்டி நிற்பதற்குள் கிட்டத்தட்ட 28 மீட்டர் முன்னால் போயிருக்கும். பின்னால் போக ரிவர்ஸ் கியர் போட வேண்டும். விலைக்கு அந்த ரிவர்ஸ் கியர்தான் பணவாட்டம், அதாவது விலைகளே இறங்குவது. இங்கே நடந்தது வெறும் பிரேக். 2021-22இல் 100 ரூபாய்க்குக் கிடைத்த சாமான் அடுத்த ஆண்டு 6.7 சதவீதம் ஏறி, அதன்மேல் இந்த 5.4, அதன்மேல் 4.6 என்று ஏறினால் 117 ரூபாய் 60 காசைத் தாண்டுகிறது. அக்கா கையில் கொண்டுபோனது பழைய 100 ரூபாய்க் கணக்கு, பாவம்.

நம் பாடநூலில் இப்படி வேகம் தணிவதற்கு ‘எதிர்முடுக்கம்’ என்று பெயர். பிள்ளைகள் ‘எதிர்’ என்றதுமே வண்டி எதிர்த்திசையில் போவதாக நினைத்துக்கொள்வார்கள். இலங்கைப் பாடநூல்களில் ‘அமர்முடுகல்’ என்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். ஓடிவந்தது மெல்ல அமர்கிற சாயல் அதில் இருக்கிறது. சரி, செய்தித்தாளுக்கு அது சரிப்படாது. ‘மட்டுப்படுதல்’ என்று வீட்டில் புழங்குகிற சொல்லே இருக்கிறதே! காய்ச்சல் மட்டுப்பட்டது என்றால் உடம்பு சில்லிட்டுவிட்டது என்று யாரும் பயப்படுவதில்லை.

‘விலையேற்றம் மட்டுப்பட்டது’ என்று போடுங்கள். உங்கள் தலைப்பைவிட ஐந்து எழுத்துதான் கூட, எண்ணிப் பார்த்துவிட்டேன். பத்தியில் இடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கும்பகோணம்.