வறட்சியில் நீரை விட்டுக்கொடுக்கும் பண்ணைகளைக் கணக்கில் எடுங்கள்

மர்ரே-டார்லிங் வடிநில ஆணையத்தாருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆறுகளிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம் என்று வரையறுக்கும் 2012-ஆம் ஆண்டின் வடிநிலத் திட்டத்துக்கான 2026 மீளாய்வை முன்னிட்டு இதை எழுதுகிறேன்.

நியூ சவுத் வேல்ஸின் ஹே சமவெளியில் தலைமுறைகளாக ஒரே குடும்பத்தார் நடத்தும் மெரினோ ஆட்டுப் பண்ணைகள் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் புதர் மேய்ச்சல். மரம்பிட்ஜி ஆற்றை ஒட்டிய சிறு பகுதியில் மட்டும் பாசனம். பர்ரின்ஜக், பிளவரிங் அணைகளின் இருப்பைப் பார்த்து மாநில அரசு நீர் ஒதுக்குகிறது. ‘பொதுப் பாதுகாப்பு’ உரிமக்காரருக்கு நல்ல ஆண்டில் நிறையக் கிடைக்கும். பஞ்ச ஆண்டில் கையளவும் கிடைக்காமல் போகலாம்.

அப்போது இக்குடும்பங்கள் நெல்லோ பருத்தியோ விதைப்பதில்லை. களிமண் பாளம் பாளமாக வெடித்துத் தரிசாகக் கிடக்கும். கம்பளியும் குட்டிகளும் வீட்டைக் காப்பாற்றும். நீர் வந்த ஆண்டில் விதைப்பார்கள். அறுவடை முடிந்ததும் அரிதாளில் ஆடுகள் இறங்க, வயலே கிடையாகிவிடும். எங்கள் ரிவரைனா வட்டாரத்தின் நெல்வயல்களில் ஆஸ்திரேலியக் குருகு என்னும் அருகிவரும் நீர்ப்பறவை கூடு கட்டுவதையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாதுமைத் தோப்புக்கு இந்த நெகிழ்வு கிடையாது. ஒரு கோடையில் மரம் பட்டுப்போனால் பல ஆண்டு முதலீடு போய்விடும். அதனால் எந்த விலைக்கும் நீரை வாங்கியாக வேண்டும். மர்ரே ஆற்றின் கீழ்ப்பகுதியில் தோப்புகள் பெருகியிருக்கின்றன; ஆனால் அதற்கு மேலே ஆறு ஒடுங்கும் பார்மா குறுக்கத்தின் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,000 மெகாலிட்டர்தான் போகும். மிஞ்சினால் காட்டுக்குள் வழிந்துவிடும்.

ஆற்றுக்கு நீர் திரும்பியாக வேண்டும். டார்லிங் ஆற்றங்கரை ஊரான மெனிண்டியில் 2023 மார்ச்சில் கோடிக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை மறக்க இயலாது. அதே ஆண்டில் வந்த சட்டம், ஆற்றுக்குத் திருப்பிவிடுவதற்காக நீர் உரிமங்களை அரசு விலைக்கு வாங்குவதற்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. விற்க முன்வருவோர் பெரும்பாலும் நெல், பருத்தி போன்ற ஆண்டுப் பயிர்க்காரர்களாகவே இருப்பார்கள் என்று அஞ்சுகிறேன். வறட்சியில் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும் தேவை அழிந்து, ஒதுங்கவே முடியாத தேவை மட்டும் மிஞ்சினால், அடுத்த பஞ்சத்தில் ஆறு யாரோடு போட்டியிடும்?

எனவே, எவ்வளவு நீர் எடுக்கப்படுகிறது என்பதோடு, வறட்சியில் அதில் எவ்வளவைக் குறைக்க முடியும் என்பதையும் ஒவ்வொரு ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் கணக்கிடுங்கள். அந்தக் கணக்கை அடுத்த கொள்முதலுக்கு முன்பே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மரம்பிட்ஜிக் கரையில் வாழும் ஒருவன்