ஜூஸரை யார் கழுவுவது?

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரவணனுக்கு,

நீ அனுப்பிய ஜூஸர் படங்கள் இரண்டையும் பார்த்தோம். 5,000 ரூபாய்க்கு ஒன்று, 16,000 ரூபாய்க்கு ஒன்று. எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அப்பா யோசிக்காமல் விலை கூடியதைக் காட்டினார். கழுவாத மனிதருக்கு எல்லா இயந்திரமும் நல்ல இயந்திரம்தான்.

நம் வீட்டுப் பரண்மேல் ஒரு ஜூஸர் கிடக்கிறதே, நினைவிருக்கிறதா? நீ பிளஸ் டூ படித்த வருடம் அப்பா ஆசையாக வாங்கி வந்தது. மொத்தம் 19 நாள் ஓடியது. இரண்டு நிமிடத்தில் கேரட் சாறு வந்துவிடும். மீசையில் நுரையோடு அப்பா பேப்பர் படிக்கப் போய்விடுவார். முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போகவேண்டிய நான், சல்லடைக் கண்களில் அடைத்த நாரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் கோபத்தில் அப்படியே போட்டுவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சக்கை காய்ந்து சிமென்ட் பூசினாற்போல இருந்தது. அன்றைக்குப் பரணேறியதுதான்.

நீ காட்டியதில் விலை குறைந்தது அதே ஜாதி. பல் வைத்த தட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி, காயைத் துருவிச் சல்லடையில் வீசியடிக்கும். வேகம் உண்டு. ஆனால் காற்றும் சேர்ந்து கடையப்படுவதால் சாறு நுரைக்கும், சீக்கிரம் நிறம் மங்கும், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிரியும். சக்கையைக் கையில் எடுத்துப் பிழிந்தால் இன்னும் சொட்டும். மற்றதில் கத்தியே கிடையாது. ஒரு திருகு நிமிடத்துக்கு 40, 60, 80 சுற்று என்று நிதானமாகச் சுழன்று, செக்கு எள்ளை நசுக்குவது போல நசுக்கும். சக்கை உலர்ந்து விழும். கீரைக்கும் கொட்டை எடுத்த நெல்லிக்காய்க்கும் அதுதான் சரி. வேகமான ஜூஸரின் சூட்டில் சத்தெல்லாம் போய்விடும் என்று கடைக்காரர் சொல்லுவார். 30 வருடம் அறிவியல் பாடம் எடுத்தவள் சொல்கிறேன், சில விநாடிகளில் இறங்கிவிடும் சாறு அப்படியொன்றும் சூடாவதில்லை. எதில் பிழிந்தாலும் பிழிந்த கையோடு குடித்துவிடவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கண்ணு, என்ன குடிக்கப்போகிறாய் என்று நீ எழுதவே இல்லையே! மாம்பழம், சப்போட்டா, வாழைப்பழத்துக்கு ஜூஸர் வேண்டாம், கூழாகி அடைத்துக்கொள்ளும். மல்கோவாவை இயந்திரத்தில் போட்டுச் சக்கையென்று பாதியை வெளியே தள்ளுகிறவன் சேலத்துக்காரனே இல்லை. அதற்கு நாங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த மிக்ஸி போதும். மாதுளையும் மிக்ஸிதான், விப்பரில் இரண்டு தட்டுத் தட்டி வடிகட்டினால் போதும், ஓடவிட்டால் விதை அரைபட்டுத் துவர்க்கும். சாத்துக்குடிக்குக் கையால் பிழிகிற கருவி இருக்கிறது.

கேரட்டும் பீட்ரூட்டும் தினமும் குடிப்பேன் என்றால் மட்டும் அந்த மெதுவாகச் சுற்றும் ஜூஸரை வாங்கு. கடையில் அதை முழுக்கக் கழற்றிக் காட்டச்சொல், நீயே திரும்ப மாட்டிப் பார். மோட்டாருக்குப் பல வருட உத்தரவாதம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். சல்லடைக்கும் ரப்பர் வளையத்துக்கும் எத்தனை வருடம், தனியாக ஐதராபாத்திலேயே கிடைக்குமா என்று கேள். தேய்வது அவைதான்.

இன்னொன்று. உங்கள் ஊரிலேயே, தார்நாக்காவில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாற்றைவிட முழுப் பழமே மேல் என்றுதான் சொல்லியிருக்கிறது. நார் போய்விட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபிறகு நாங்கள் பழத்தைக் கடித்துத்தான் சாப்பிடுகிறோம். குட்டிக்குப் பத்து மாதம்தானே ஆகிறது? ஒரு வயது வரை பழச்சாறே கூடாது. பாட்டி சொன்னாள் என்று மீனாவிடமும் சொல். அவளும் உன்னைப்போல வேலைக்குப் போய்வருகிறவள். ஜூஸர் உன் ஆசை, சல்லடையும் உன்னுடையது.

போன வாரம் அப்பா இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் அத்தை வீட்டுக்குப் போய்வந்தார். காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்கிற மரங்களில் முன்போல ஆரஞ்சு காய்ப்பதில்லையாம். இருந்தும் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். எதிர்வீட்டுப் பையன் வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். தொளதொளவென்ற தோல், உரித்துச் சுளையாகவே சாப்பிடுங்கள். பிழிந்துதான் ஆகவேண்டுமென்றால் விதையை எடுத்துவிடு, நசுங்கினால் கசக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடையில் வாங்கிய கைப்பிழிவானும் அதே பையில் இருக்கும். சல்லடை தேய்க்க ஒரு பழைய பல் பிரஷையும் போட்டிருக்கிறேன். அது உனக்கு, மீனாவுக்கு இல்லை.

அன்புடன்,
அம்மா