உபரி என்ற சொல்

அன்புள்ள கயலுக்கு,

ரஷ்ய உள்நாட்டுப் போர்க் காலத்தில் போல்ஷெவிக் (கம்யூனிஸ்ட்) அரசு குடியானவரிடம் தானியம் பறித்தது பற்றி நீ அனுப்பிய அத்தியாயத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். கண்ணாடி மாற்ற வேண்டும், அது வேறு கதை. பறித்ததை 'உபரி தானியம்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த அரசின் 1919 ஜனவரி ஆணை என்ன செய்தது? ராணுவத்துக்கும் நகரங்களுக்கும் இவ்வளவு வேண்டும் என்று மாஸ்கோவில் கணக்குப் போட்டு, அதை மாகாணவாரியாகப் பிரித்துக் கடைசியில் கிராமத்தின் தலையில் கட்டியது. களத்தில் என்ன விளைந்தது என்பது இரண்டாம் பட்சம். கொடுத்த ரூபிளுக்கு மதிப்பில்லை. பதிலுக்குத் தருவதாகச் சொன்ன துணியும் உப்பும் ஒழுங்காக வரவில்லை. துப்பாக்கியோடு வந்த உணவுப் படைகள் பல ஊர்களில் விதைக்கு வைத்ததையும் அள்ளிக்கொண்டு போயின. விதை எப்படியம்மா உபரியாகும்? குடியானவன் அடுத்த பட்டத்தில் தன் வயிற்றுக்கு மட்டும் விதைத்தான். நானும் அதைத்தான் செய்திருப்பேன். நம் ஊரில் அரசு கட்டாயமாக நெல் கொள்முதல் செய்த லெவி காலத்தில் வைக்கோல் போருக்குள் மூட்டையை ஒளித்தவர்தான் உன் தாத்தா. அவருக்காவது கையில் பணம் வந்தது.

பறித்ததை வைத்து நகரமும் கொழுக்கவில்லை. 1917இல் 20 லட்சத்துக்கு மேல் இருந்த பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) மக்கள்தொகை 1920இல் ஏறக்குறைய 7 லட்சம். மோசமான நாட்களில் ஆளுக்கு ரஷ்யப் பவுண்டில் எட்டில் ஒரு பங்கு ரொட்டி, அதாவது சுமார் 50 கிராம். அம்மாவின் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். நம் டீக்கடை பன்னே அதைவிடக் கனம். ஒரு நாள் முழுக்க அதுதான்! குளிருக்கு மரவீடுகளைப் பிரித்து எரித்தார்கள். திருட்டுத்தனமாக ரயிலில் மாவு மூட்டை சுமந்து வந்தவர்களால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

போர் நடக்கும்போது வேறு வழியில்லை என்கிறாய். சரி, படைக்குச் சோறு வேண்டும். ஆனால் 1920 நவம்பரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்துப் போரிட்ட தளபதி ராங்கெலின் படை கிரிமியாவை விட்டு ஓடிய பிறகும் பறிமுதல் நிற்கவில்லையே. அதே மாதம் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்த சின்னப் பட்டறைகளைக்கூட அரசுடைமை ஆக்கினார்கள். இதற்கு உன்னிடம் பதில் காணோம்.

1921 மார்ச்சில், பெத்ரோகிராத் அருகே குரோன்ஸ்தாத் கடற்படைத் தளத்து மாலுமிகள் அரசை எதிர்த்து எழுந்த பிறகுதான், பறிமுதலை விட்டு தானிய வரிக்கு வந்தார்கள். வோல்கா நதிக் கரையில் அந்த ஆண்டு மழை பொய்த்தபோது குதிரில் ஒன்றுமில்லை. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 50 லட்சம்.

இந்தப் பறிமுதலை எதிர்த்து ரஷ்யாவின் தம்போவ் மாகாணத்தில் எழுந்த குடியானவர் கலகம் உன் அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்பாகக் கிடக்கிறது. அதை மேலே கொண்டுவா. அப்புறம், நார்த்தங்காய் ஊறுகாய் போட்டாயிற்று. யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

அப்பா