நம்ம ஊர் குரூப் அட்மின்களுக்கு, அந்த கொசுவலைக்காரர் விஷயமா

அட்மின் அண்ணன்கள் மூணு பேருக்கும் குரூப்ல இருக்கற மத்த எல்லாருக்கும் வணக்கம்.

இதை குரூப்லயே போட்டிருக்கலாம்தான், ஆனா அங்க நான் எதைப் போட்டாலும் அடுத்த நிமிஷமே நாலு குட்மார்னிங், ஒரு பிரதோஷ படம், ரெண்டு ப்ளாட் விளம்பரம் வந்து மேல தள்ளிவிட்டுடுது, யாரும் படிக்கறதில்ல. அதான் பொதுவுல எழுதறேன். நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க. நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ரீசார்ஜ் கடை வச்சிருக்கேன், குரூப்ல பாதிப் பேருக்கு வாட்ஸப் போட்டு, டிபி வச்சு, ஃபார்வர்ட் பண்றது எப்படின்னு சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு, அதை அப்புறம் சொல்றேன்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அரை நிமிஷம் கூட இருக்காது. ஒரு பொம்பளை மடியில குழந்தையோட தரையில உக்காந்திருக்கா, சுத்தி ஆளுங்க கத்தறாங்க, ஒருத்தன் அவ முடியைப் பிடிச்சு இழுக்கறான். கீழ எழுதியிருந்தது, நம்ம மாவட்டத்துல வடநாட்டு கும்பல் இறங்கியிருக்கு, போர்வை கொசுவலை விக்கற மாதிரி வருவாங்க, உங்க பிள்ளைங்க மேல அக்கறை இருந்தா உடனே பத்து குரூப்புக்கு அனுப்புங்க. தேதி இல்ல, ஊர் பேர் இல்ல, எந்த ஸ்டேஷன்ல கேஸ்னு இல்ல. அரை மணி நேரத்துல நாப்பது ரிப்ளை. அதுல ஒருத்தர், பேர் வேணாம், "நம்ம தெருவுலயும் காலைல ஒருத்தன் கொசுவலை தூக்கிட்டு சுத்தினான், பாத்தாலே சரியில்ல"ன்னு போட்டாரு.

அந்த "பாத்தாலே சரியில்ல" ஆள் மூணு வருஷமா என் கடைல ரீசார்ஜ் பண்றவரு. உத்தரப் பிரதேசத்துக்காரர். தமிழ்ல அவருக்குத் தெரிஞ்சது "சிங்கிள் கட்டில், டபுள் கட்டில், நல்ல வலை அக்கா", அப்புறம் விலை, அவ்ளோதான். சாயங்காலம் வாட்டர் டேங்க் கிட்ட நாலு பசங்க அவரை நிறுத்தி ஆதார் கேட்டு, மூட்டையைப் பிரிச்சு சாக்கடையில தள்ளி, ஒருத்தன் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தான். நான் போறதுக்கு முன்னாடி ரெண்டு அறை விழுந்துடுச்சு. நான் போய் நின்னதும் பசங்க என்னைப் பாத்துட்டு, "அண்ணா உங்களுக்குத் தெரிஞ்சவரா"ன்னு கேட்டாங்க. தெரிஞ்சவருன்னு சொன்னேன், விட்டுட்டாங்க. நான் அன்னிக்கு கடையைச் சீக்கிரம் மூடிட்டுப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இன்னும் வயித்தைக் கலக்குது.

ராத்திரி அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். பின்னாடி ஒரு கடை போர்டு, எழுத்து தெலுங்கு. நம்ம ஊர்ப் பக்கம் எங்கயா தெலுங்கு போர்டு? ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போட்டா, அதே வீடியோ சில வருஷம் முன்னாடியே வேற மாநிலத்து பேர்ல, வேற கதையோட சுத்தியிருக்கு. எனக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. அதை குரூப்ல போட்டேன். அதுக்கு பெரியவர் ஒருத்தர், நான் மதிக்கறவரு, எழுதினாரு: "பொய்யாவே இருக்கட்டும் தம்பி, உஷாரா இருக்கறதுல என்ன தப்பு?" அதுக்குக் கீழ வரிசையா கட்டைவிரல்.

சார், கோவிச்சுக்காதீங்க, இந்த மடலே உங்க அந்த ஒரு வரிக்காகத்தான்.

2018 மே 9. நம்ம போளூர் பக்கம் அத்திமூர். சென்னையில இருந்து ஒரு குடும்பம் கார்ல குலதெய்வக் கோயிலுக்கு வருது, மலேசியாவுல இருந்து வந்த சொந்தக்காரங்களும் கூட. வழி கேக்க நிறுத்தினாங்க, அங்க இருந்த குழந்தைங்களுக்கு கார்ல வந்த ஒரு பாட்டி சாக்லேட் கொடுத்தாங்க. நம்ம வீட்டுப் பாட்டியா இருந்தாலும் கொடுத்திருக்கும். பாத்தவங்களுக்கு சந்தேகம், கார் கிளம்பிடுச்சு, அடுத்த ஊருக்கு போன் பறக்குது, அங்க கூட்டம் கூடி மறிச்சு அடிச்சாங்க. 65 வயசு அந்தம்மா செத்துப் போனாங்க, கூட வந்தவங்களுக்கு பலத்த அடி. அடிச்சதை செல்போன்ல எடுத்து வேற வச்சிருந்தாங்க. அதே சமயத்துல பழவேற்காட்டுல ஒரு ஆளை அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்க விட்டாங்க. ரெண்டு இடத்துலயும் ஒரு குழந்தையும் காணாமப் போகல.

அப்போ சுத்தின வாய்ஸ் நோட் ஞாபகம் இருக்கும். வடநாட்டுல இருந்து கும்பல் கும்பலா வந்திருக்காங்கன்னு ஒரு ஆள் மூச்சு வாங்கப் பேசுவான். அதை நானும் அனுப்பினேன். எத்தனை குரூப்புக்குன்னு எண்ணல, ஏன்னா அப்போ எண்ணவே தேவையில்ல, இந்த அஞ்சு பேர் லிமிட் எல்லாம் அந்த வருஷம் ஜூலைலதான் இந்தியாவுல வந்துச்சு, நாடு முழுக்க இப்படிச் சாவு விழுந்த அப்புறம். அனுப்பும்போது என் மனசுல என்ன இருந்துச்சுன்னு சொல்லட்டுமா சார்? "பொய்யாவே இருக்கட்டும், உஷாரா இருக்கட்டும்." அச்சு அசலா நீங்க சொன்னதேதான். என் பொண்ணுக்கு அப்போ நாலு வயசு. அத்திமூர் சேதி வந்தப்புறம் நான் அனுப்பின குரூப் எதுலயும் போய் "அது பொய், நான்தான் அனுப்பினேன்"னு போடல. டிலீட் பண்ணிட்டு கமுக்கமா இருந்துட்டேன். இப்பதான் முதல் தடவையா வெளிய சொல்றேன்.

உஷாரா இருக்கறதுன்னா என்ன? நம்ம பிள்ளைக்கு யார் கூப்பிட்டாலும் போகாதேன்னு சொல்லிக் கொடுக்கறது, ஸ்கூல் விட்டா நேரத்துக்குப் போய் கூட்டிட்டு வர்றது. அதுக்கு ஃபார்வர்டே தேவையில்ல. ஃபார்வர்ட் பண்றது என்ன பண்ணுதுன்னா, நம்ம ஊர்ல சும்மா நடந்து போற ஒரு ஆளை ஐநூறு கண்ணு ஒரே நேரத்துல சந்தேகமாப் பாக்க வைக்குது. அந்த ஐநூறுல நாலு பேர் குடிச்சிருப்பான், ரெண்டு பேர் வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருப்பான். யார் கையில போய்ச் சேருதுன்னு அனுப்பினவனுக்குத் தெரியவே தெரியாது.

அந்த 2018 நேரத்துல என் கடைக்கு வந்தவங்க போன்ல ஏத்திக் கொடுக்கச் சொன்ன வீடியோ ஒண்ணு. பைக்ல ரெண்டு பேர் வந்து தெருவுல விளையாடற குழந்தையைத் தூக்கிட்டுப் போவானுங்க. பாத்தா யாருக்கும் பதறும். அது பாகிஸ்தான் கராச்சில குழந்தைங்க பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வு விளம்பரம். முழுசாப் பாத்தா அதே பைக் திரும்பி வந்து குழந்தையை இறக்கி விட்டுட்டு, இவ்ளோ சுலபமா தூக்கிடலாம் ஜாக்கிரதைன்னு ஒரு அட்டையைக் காட்டுவாங்க. எவனோ உக்காந்து அந்தக் கடைசி பாகத்தை மட்டும் வெட்டியிருக்கான். இதுல எனக்குப் புரிஞ்சது, வீடியோ பொய்யா இருக்கணும்னே அவசியம் இல்ல, எங்க வெட்டறாங்க, என்ன தலைப்பு வைக்கறாங்கங்கறதுலயே வேலை முடிஞ்சிடுது. சிரியாவுல 2013ல விஷ வாயுத் தாக்குதல்ல செத்த குழந்தைங்க போட்டோவைக் கூட கிட்னி எடுத்த குழந்தைங்கன்னு இங்க சுத்த விட்டாங்க.

சரி, நம்மளை வச்சு பண்ணா எப்படி இருக்கும்? அதுவும் நடந்துச்சு. 2023 மார்ச்ல ஹோலிக்கு முன்னாடி, தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிங்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு வடக்க வீடியோ பறந்துச்சு. அப்போ நம்ம டிஜிபியா இருந்த சைலேந்திர பாபுவே வந்து சொன்னாரு, ஒரு வீடியோ வெளிமாநிலத் தொழிலாளிங்களுக்குள்ளயே நடந்த சண்டை, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர்க்காரங்க சண்டைன்னு. பீகார்ல இருந்து அதிகாரிங்க நேர்ல வந்து பாத்துட்டுப் போனாங்க. அப்போ நம்ம குரூப்ல எவ்ளோ கொந்தளிச்சோம், "ஆதாரம் இருக்கா, எந்த ஊரு, எந்த தேதி"ன்னு எல்லாரும் வக்கீல் ஆயிட்டோம். திருப்பூர்ல வேலைக்கு ஆள் இல்லாம கம்பெனிக்காரங்க கையைப் பிசைஞ்சாங்க. அந்த வக்கீல் மூளை போன மாசம் எங்க போச்சு? நம்மளைப் பத்தின பொய்யை ஒரே செகண்ட்ல கண்டுபிடிக்கறோம், நம்ம பயத்துக்கு ஏத்த மாதிரி வர்ற பொய்யை மட்டும் பத்து குரூப்புக்கு அனுப்பறோம்.

நான் ஒண்ணும் பெரிய புத்திசாலி இல்ல. 2016ல ரெண்டாயிரம் ரூபா நோட்டுல சிப் இருக்குன்னு சொன்னப்ப அதை டார்ச் மேல வச்சு அரை மணி நேரம் தேடினவன் நான். திருநள்ளாறு மேல சாட்டிலைட் மூணு செகண்ட் நிக்குதுன்னு நாசா சொல்லுச்சுங்கறதை கஸ்டமர் கிட்ட ஆர்வமா எடுத்து விட்டிருக்கேன். அதெல்லாம் கேட்டா சிரிச்சுட்டுப் போயிடலாம், யாருக்கும் அடி விழாது. கொரோனா ஆரம்பத்துல கோழி தின்னா வரும்னு கிளப்பினாங்களே, நாமக்கல் பண்ணைக்காரங்க சிரிச்சிருக்க மாட்டாங்க.

இப்போ நான் கவனிக்கறது ஒண்ணே ஒண்ணு. ஒரு மெசேஜைப் பாத்ததும் நெஞ்சு படபடன்னு அடிச்சு கட்டைவிரல் தானா அந்த அம்புக்குறிக்குப் போச்சுன்னா, போனை கவுத்து வச்சிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்து திரும்பப் பாக்கறேன். ஏன்னா அந்தப் படபடப்புதான் அந்த மெசேஜைச் செஞ்சவன் எதிர்பாக்கற சரக்கு. ஃபேஸ்புக் கம்பெனியே 2017ல இருந்து ஒரு லைக்குக்கு ஒரு மார்க்குன்னா கோவ எமோஜி மாதிரி மத்த எமோஜிக்கெல்லாம் அஞ்சு மார்க் போட்டு, கோவம் வர்ற போஸ்ட்டை எல்லாருக்கும் மேல தூக்கிக் காட்டிட்டு இருந்துச்சு, கோவ எமோஜி மார்க்கை அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு 2020லதான் பூஜ்யம் ஆக்கினாங்க. நம்ம கோவம் அவங்களுக்கு கல்லாப்பெட்டி.

அட்மின்ஸ், உங்ககிட்ட கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ரெட்டை அம்புக்குறியோட பலமுறை ஃபார்வர்ட் ஆச்சுன்னு வர்ற எதுலயாவது கடத்தல், வெட்டு, குத்து, சாதி, மதம் இருந்தா, போட்டவர் கிட்ட தேதியும் ஊரும் கேளுங்க, அவரால சொல்ல முடியலன்னா எடுத்துடுங்க, உங்க மாமாவா இருந்தாலும் சரி. உங்களுக்கே குழப்பமா இருந்தா யூடர்ன் மாதிரி தமிழ்ல சரி பாக்கறவங்க இருக்காங்க, இல்ல என் கடைக்கு வாங்க, காசு வேணாம். நிஜமாவே ஒரு ஆள் மேல சந்தேகம்னா 1098 இருக்கு, 112 இருக்கு, அவங்க வந்து பாத்துக்கட்டும். குரூப்ல கும்பல் சேக்காதீங்க. எடுக்கறப்ப கமுக்கமாவும் எடுக்காதீங்க. 2018ல நான் பண்ணது அதான். பொய் எங்க போச்சோ அங்கயே "இது பொய், நம்ம குரூப்லதான் வந்துச்சு"ன்னு போடுங்க, ஒரு நாள் மேல பின் பண்ணி வைங்க. அந்த செவ்வாய்க்கிழமை வீடியோ இத எழுதற வரைக்கும் குரூப்ல அப்படியேதான் இருக்கு, நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்தான் எங்கயோ கீழ புதைஞ்சு போச்சு.

கொசுவலைக்காரர் அன்னிக்கு ராத்திரி மூட்டையை என் கடைல வச்சிட்டு, காலைல வந்து எடுத்துக்கறேன்னு கையால ஜாடை காட்டிட்டுப் போனாரு. சாக்கடைத் தண்ணி பட்ட வலையை எல்லாம் என் வீட்டுக்காரம்மா அலசிக் காயப் போட்டு மடிச்சு வச்சிருக்கா, மொத்தம் இருபத்தி மூணு இருக்கு. போன் ஸ்விட்ச் ஆஃப்லயே இருக்கு. அவரை யாராவது ஆரணி பக்கமோ செங்கம் பக்கமோ பாத்தீங்கன்னா, மூட்டை பத்திரமா இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க.