மருமகனே, அந்தச் சிவப்பு வயரை வாங்காதே

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். வெலிமடையில் இருந்து மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டாய். சந்தோஷம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தப் பழசுகளுக்கும் கிராக்கி வந்துவிட்டது. நீ கொடுத்த விலை கூடுதல்தான். ஆனாலும் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், அந்தச் சேசியைப் பார்த்தால் நட்டமில்லை என்று தெரிகிறது. மொரிஸ் காருக்குத் தனிச் சேசி கிடையாது, பிக்கப்புக்கு உண்டு. அது துரு இல்லாமல் நேராக இருந்தால் மற்றதையெல்லாம் மெதுவாகச் செய்துகொள்ளலாம்.

கடைசியில், "வயரிங் எல்லாம் உக்கிப் போச்சு மாமா, கராஜில் விட்டால் ரெண்டு நாளில் புதுசா இழுத்துத் தருவாங்களாம்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் அப்பாவின் வலது உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னாரா? அப்போது உனக்கு இரண்டு வயது. நானும் அத்தானும் நுவரெலியாவில் இருந்து கண்டிக்கு கரட், லீக்ஸ் ஏற்றிப்போவோம். எங்களுடையதும் இதே வண்டிதான். கால் தொன் தாங்கும் என்று செய்த வண்டியில் அரைத் தொன் ஏற்றிய காலம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒரு கராஜில் விட்டுப் புது வயரிங் இழுத்திருந்தோம். ஹெட்லைட், ஹோர்ன், வைப்பர் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு வயர். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இறம்பொடை இறக்கத்தில், நடுச்சாமம், நல்ல பனிமூட்டம். டேஷ்போர்டுக்குக் கீழிருந்து றப்பர் கருகும் வாசம் வந்தது. வளைவில் திரும்பும்போது விளக்கு அணைந்தது. கால் பக்கம் புகை. கையில் குறடு இருந்தது, டோர்ச் இருந்தது, எந்த வயரை வெட்டுவது என்றுதான் தெரியவில்லை. எல்லாம் சிவப்பு. அத்தான் பொனட்டைத் திறந்து, பேட்டரியில் இருந்த கிளிப்பை வெறுங்கையால் முறுக்கிப் பிடுங்கினார். அது கொதித்துப்போய் இருந்தது. அந்தத் தழும்பு அதுதான். சில்லுக்குக் கல் வைத்துவிட்டு, விடியும்வரை அந்த வளைவிலேயே உட்கார்ந்திருந்தோம்.

காலையில் பார்த்தால், எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகட்டு ஓட்டையில் ஒரு றப்பர் வளையம் போடாமல் விட்டிருந்தார்கள். வயர் தகட்டில் உரசி உரசித் தோல் போயிருக்கிறது. இந்த வண்டியில் இருப்பது இரண்டே இரண்டு பியூஸ். பேட்டரியில் இருந்து வரும் மெயின் வயருக்கும் ஹெட்லைட்டுக்கும் பியூஸே கிடையாது.

அதனால் கேட்கிறேன், வயரிங்கை நீயே வீட்டில் செய். நிறம் மாறாமல் செய். இந்த வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூக்காஸ் கம்பனிக்காரர்கள் அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கிறார்கள். பேட்டரியில் இருந்து நேராக வருவது கபிலம். சாவி போட்டால் உயிர் வருவது வெள்ளை. அதுவே பியூஸைத் தாண்டினால் பச்சை. ஹோர்னுக்குப் போவது ஊதா. ஹெட்லைட் நீலம், பின் லைட் சிவப்பு, வண்டித் தகடு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் ஏர்த் கறுப்பு. இதைத் தெரிந்தவன் இருட்டில் டோர்ச் அடித்தே எந்த வயர் என்று சொல்லிவிடுவான்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் இந்த நிறங்கள் எல்லாம் கிடைக்கும், கோடு போட்ட வயர்தான் கஷ்டம். கிடைக்காவிட்டால் நீல வயரே வாங்கி, இரண்டு நுனியிலும் சிவப்பு சிலீவ், அதுதான் சின்னக் குழாய் உறை, போடு, அது டிம்முக்கு. வெள்ளை சிலீவ் போட்டால் பிரைட்டுக்கு. அப்புறம், வயரின் தடிப்பில் கஞ்சம் பிடிக்காதே. 45 வாட் பல்ப் இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் ஏழரை அம்பியர் ஓடும்.

பழைய வயரிங்கை வெட்டி எறிந்துவிடாதே. துணி சுற்றிய அந்தக் கட்டை அப்படியே முழுசாகக் கழற்று. கழற்றும்போதே ஒவ்வொரு நுனியிலும் பிளாஸ்டர் ஒட்டி நம்பர் போட்டு, சீஆர் கொப்பியில் எழுதிக்கொள். நான் பழைய கதவு ஒன்றை முன்வாசல் இஸ்தோப்பில் படுக்கப் போட்டு, பழைய வயர் போன வழியெல்லாம் ஆணி அடித்து, அதன் மேலேயே புதியதைப் பின்னினேன். மழைக்காலம் முழுக்க அந்த வேலைதான். உன் அத்தை பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தாள்.

ஏர்த்தை மறக்காதே. நம் மலைநாட்டு வண்டிகளில் பாதி வருத்தம் அங்கேதான். பனியும் ஈரமும் ஒரு பக்கம், ஏற்றுகிற உரம் ஒரு பக்கம், போல்ட்டைச் சுற்றித் தகட்டைத் தின்றுவிடும். விளக்கை எரியவிட்டு, பல்ப் கூட்டுக்கும் பேட்டரியின் ஏர்த் முனைக்கும் நடுவில் மீட்டரை வை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று தகடு தெரியும்படி செய்து, மறுபடி முடுக்கு. என்னுடைய பின் லைட்டில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பல்பை மாற்றி மாற்றிப் போட்டு எவ்வளவு காசு வீணாக்கினேன்! இந்த வண்டிக்குப் பிளஸ்தான் ஏர்த், அதையும் ஞாபகம் வைத்துக்கொள். தெரியாமல் மாற்றிக் கொடுத்தால் டைனமோ பேட்டரியைச் சார்ஜ் பண்ணாது.

டைனமோவைக் கழற்றிவிட்டு ஓல்டனேட்டர் போடலாமா என்று கேட்டிருந்தாய். பனிமூட்டத்தில் லைட்டும் வைப்பரும் போட்டு ஊர்ந்து போகும்போது, மெதுவாகச் சுற்றும் டைனமோ சார்ஜ் பண்ணாது, பேட்டரிதான் இறங்கும். ஓல்டனேட்டர் மெதுவாகச் சுற்றினாலும் சார்ஜ் பண்ணும். அது உண்மை. இரவில் ஓட்டுவதாக இருந்தால் போடு, நான் தடுக்கமாட்டேன். அப்படியானால் ஏர்த்தை மைனஸுக்கு மாற்ற வேண்டும், அதைக் கொப்பியில் முதல் பக்கத்தில் எழுதி வை. ஹெட்லைட்டுக்குத் தனி பியூஸும் ரிலேயும் கட்டாயம் வை. தகட்டில் உள்ள ஓட்டை ஒவ்வொன்றுக்கும் றப்பர் வளையம் போடு.

எல்லாம் பூட்டி முடித்தாலும் பேட்டரியை மட்டும் கொடுத்துவிடாதே. நான் ஹட்டனில் இருந்து காலை பஸ்ஸில் வருகிறேன். முதலில் பேட்டரிக்கும் மெயின் வயருக்கும் இடையில் ஒரு டெஸ்ட் பல்பைப் போட்டுப் பார்ப்போம், எங்காவது ஷோர்ட் இருந்தால் அது எரியும். அது எரியாமல் இருந்தால், அத்தானைச் சீட்டில் உட்கார வைத்து சாவியைத் திருப்பச் சொல்வோம். பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, கார்பரேட்டர் நிரம்பியதும் தானாக நிற்கும். அந்தச் சத்தத்தை அவர் கேட்டுப் பல வருசம் ஆகிறது.

அன்புடன்,
மாமா